கைக்குத் தெரிந்த எடை

பூட்டுக்காரர் என்றதும் சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். மீசை முளைக்கிற வயதில் ஸ்பேனரைப் பிடித்தவர், தலை நரைத்தும் விடவில்லை. அந்த வட்டாரத்துப் பழைய அடுக்குமாடிகளில் அவர் கை படாத லிஃப்டே கிடையாது. ஆனாலும் யார் அவரை மெக்கானிக் என்று மரியாதையாகச் சொன்னார்கள்? பூட்டுக்காரர்தான். கோபத்தில் இருப்பவர்கள் இன்னும் மோசமாகச் சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது.

பெயர் வந்த கதை சுலபம். லிஃப்டில் அவருக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தால் போதும். மொட்டை மாடியில் இருக்கிற மோட்டார் அறைக்கு ஏறுவார். மெயின் சுவிட்சை இறக்குவார். அதன் கைப்பிடியில் இதற்கென்றே ஓர் ஓட்டை இருக்கும். அதில் தன்னுடைய பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிடுவார். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாட்டியவன்தான் திறக்க வேண்டும். இன்னொரு மெக்கானிக் தொடக் கூடாது, கம்பெனி முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. ஒருத்தன் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும்போது மேலே எந்தப் புண்ணியவானாவது சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், கட்டுப்பாடு எதற்கென்று புரியும். அதனால் ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கு ஒரே ஒரு சாவி.

மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்த கையோடு பூட்டைக் கழற்றிவிடுவார்கள். உதிரிபாகம் வர நாளாகும் என்றால், "பார்த்து ஓட்டுங்க, கூட்டமா ஏறாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. சரியாகிற வரைக்கும் பூட்டு தொங்கும். காய்கறிப் பையோடு வருகிறவர்கள் முனகுவார்கள், முழங்கால் வலிக்காரர்கள் சாபம் விடுவார்கள், மனிதர் அசைந்து கொடுக்க மாட்டார். "நான் கல்நெஞ்சக்காரன்னே வெச்சுக்கோங்க. படி இருக்கு, மெதுவா ஏறுங்க" என்பார். அதையும் ஒரு சிரிப்போடு சொல்வார் பாருங்கள், அதுதான் ஜனங்களுக்கு இன்னும் எரியும்.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கதவு முழுதாக மூடாமலே பெட்டி நகர்ந்தது. பூட்டத்தான் போனார். அன்றைக்கென்று ஒரு குடும்பம் வீடு மாற்றி வந்திருந்தது. பீரோவும் கட்டிலும் கீழே, வீடு மேலே. ஒரே ஒரு நடை சார், ஒரே ஒரு நடை என்று சூழ்ந்துகொண்டார்கள். சுமை தூக்க வந்த ஆளே முன்னால் வந்து, "எனக்கு இதெல்லாம் பழக்கம் சார், கதவை நான் பார்த்துக்கறேன்" என்றார். இவரும் இளகிப்போய்ச் சரி என்றார். அந்த ஒரு நடையில் சுமைக்காரரின் கால் வாசலுக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் அந்த மனுஷன், "உங்க மேல தப்பில்ல சார். நான்தானே சரின்னேன்" என்று இவருக்கே ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவர் தூங்கியிருப்பார். அதற்கப்புறம் யார் சரி என்று சொன்னாலும் அது இவர் காதில் ஏறவில்லை.

இனி அக்காவையும் மாமாவையும் சொல்ல வேண்டும். அக்கா இவருக்கு மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அடுப்படியையும் தம்பியையும் ஒன்றாகத் தலையில் ஏற்றுக்கொண்டவள். மாமா அவளுடைய வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். பாடம் என்ன தெரியுமா? நீதிபோதனை. கணக்கு வாத்தியாருக்கு நேரம் போதவில்லை என்றால் முதலில் பிடுங்கப்படுகிற வகுப்பு. மிச்சம் கிடைப்பதும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். "பாதி வகுப்பு தூங்கும். நானும் எழுப்ப மாட்டேன். தூங்கறவன் யாருக்கும் கெடுதல் பண்றதில்ல பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் வீடு ஒன்பதாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூட்டுக்காரர் அங்கே ஆஜராகிவிடுவார். மச்சானும் மாமாவும் உட்கார்ந்தால் வாய்ச்சண்டைதான். மாமாவுக்கு வகுப்பு விட்டுப்போன ஏக்கம் தீரவில்லை. "ஒருத்தன் பொய்யே சொல்றதில்ல. ஏன்னா மாட்டிக்குவோம்னு பயம். அவன் நல்லவனா, பயந்தாங்கொள்ளியா?" என்று ஆரம்பிப்பார்.

"எவனா இருந்தா என்ன மாமா? பொய் சொல்லலல்ல? அவ்வளவுதான்."

"உனக்குச் செஞ்சானா செய்யலையான்னு தெரிஞ்சா போதும். ஏன் செஞ்சான்னு கேக்கவே மாட்டே."

"ஏன்னு கேட்டுட்டிருந்தா லிஃப்ட் ஓடாது மாமா" என்பார் இவர். அக்கா டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்து, "ரெண்டு பேரும் வெட்டிப் பேச்சு பேசியே என் காதைத் தின்னுங்க" என்பாள். அவளுக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோதுகூட அந்தச் சத்தம் நிற்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். காலையில் லிஃப்டில் இறங்குவார், மதியம் லிஃப்டில் ஏறுவார். முகம் கறுத்துப்போனது, நடை தளர்ந்தது, பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. அந்த டயாலிசிஸ் இயந்திரம் இருக்கும் வரைக்கும் அவரும் இருப்பார் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். விட்டால் சில வாரம்தான்.

அந்தக் கட்டடத்துக்கு இருப்பது ஒரே லிஃப்ட். அதைப் பராமரிப்பதும் பூட்டுக்காரர்தான். ஒரு நாள் வழக்கமான சோதனைக்குப் போனவர், தளத்தில் நிற்க வேண்டிய பெட்டி ஒரு விரற்கடை இறங்கி நிற்பதைப் பார்த்தார். மேலே போய் டார்ச் அடித்துப் பார்த்தால் பிரேக்கைப் பிடித்திருக்கிற இரும்புக் கையில் முடி மாதிரி ஒரு விரிசல். துடைத்துவிட்டுப் பார்த்தார். இருந்தது. விரல் நகத்தால் வருடிப் பார்த்தார். நகம் தட்டியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு கட்டடமாக இருந்தால் அடுத்த நிமிஷம் பூட்டு விழுந்திருக்கும். அன்றைக்கு அவர் அந்தச் சூட்டில், எண்ணெய் நாற்றத்தில், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இந்த விரிசலைத் தன்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இறங்கிப் போனால் மாமா நாளைக்கு வழக்கம்போல டயாலிசிஸுக்குப் போவார். அந்தப் பிரேக் இன்னும் வருஷக்கணக்கில் தாங்கினாலும் தாங்கும். நாளைக்கே பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கும்பலாக ஏறும்போது உடைந்தாலும் உடையும். யாரிடம் கேட்பது? கடைசியில் பூட்டை மாட்டினார். சாவி ஒரு தடவை கீழே விழுந்தது.

ஒன்பதாவது மாடிக்கு இறங்கி வந்து கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள்.

"என்னடா, லிஃப்டு நின்னுபோச்சு? கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு. நான்தான் பூட்டியிருக்கேன்க்கா."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "நாளைக்கு அவருக்குப் போகணுமேடா" என்றாள்.

விரிசலைச் சொன்னார். அந்த லிஃப்டைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை, அந்தக் கையை எங்காவது பட்டறையில் புதிதாகச் செய்ய வேண்டும், நாளாகும் என்றும் சொன்னார். அக்கா முதலில் கெஞ்சினாள். அப்புறம் கத்தினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக ஒரு வழி சொன்னாள். "சரி, யாரும் ஏற வேண்டாம். அவர் போற நாள்ல மட்டும் திற. நீயும் நானும் கூட ஏறுவோம். எறங்கினதும் பூட்டு. செத்தா நாம மூணு பேரும் சாவோம். ஊரான் எவனுக்கும் நஷ்டமில்லையே. இதுல என்னடா தப்பு?"

சொல்லக் கூடாது, அக்கா சொன்னதில் ஞாயம் இருந்தது. நானாக இருந்தால் திறந்திருப்பேன்.

"ஆள் கம்மியா ஏறினா இன்னும் ஆபத்துக்கா. பிரேக் விட்டா லிஃப்ட் கீழ விழாது, மேல போய் முட்டும். கம்பிக்கயித்துல அந்தப் பக்கம் தொங்கற எடைக்கட்டி பெட்டியைவிடக் கனம்."

"கீழ விழும்னு சொன்னாலாவது நம்புவேன். மேல போய் முட்டுமாம்! யார்கிட்டடா கதை விடறே?"

கட்டிலில் சாய்ந்திருந்த மாமா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "விடு. அவன் சொல்றது சரிதான்" என்றார். "எனக்குத் திறந்தா ஆறாவது மாடி கர்ப்பிணிக்குத் திறக்கணும். அவளுக்குத் திறந்தா அவ மாமியாருக்கு. அப்புறம் பூட்டு எதுக்கு?" அக்கா அவரை முறைத்தாள். அவர் மச்சானைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீ பூட்டறது எங்களுக்காகவா, உனக்காகவா? இப்பவே பதில் சொல்ல வேண்டாம்."

அந்தச் சுமைக்காரரின் கால் பூட்டுக்காரருக்குக் கண்ணெதிரே வந்தது. இன்னொரு காலைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் பூட்டுகிறோமா, இல்லை இது நிஜமாகவே சரிதானா என்று அவருக்கே பிடிபடவில்லை. பிடிபடாமலே சாவியோடு வீட்டுக்குப் போனார்.

தன் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் அது நாலாவது மாடி, லிஃப்டே இல்லாத கட்டடம். லிஃப்ட் மெக்கானிக் வீட்டின் லட்சணம் அது. ஆஸ்பத்திரியில், இதற்கெல்லாம் படுக்கை தர முடியாது என்றுவிட்டார்கள். கீழ்த்தளத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், முன்னறையில் இடம் கொடுத்தார்கள். மாமா அங்கே ஒரு நாள் படுத்திருந்தார். வாந்தி எடுத்தார். அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் திறந்து வைத்தாள். அடுத்த தடவை மாமா, "என்னை மேலேயே தூக்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆக, நாற்காலிதான். கைப்பிடி வைத்த மர நாற்காலியில் மாமாவை உட்கார வைத்து, துண்டால் இடுப்பைக் கட்டி, படி வழியாக இறக்கினார்கள். மேல்பக்கம் வாட்ச்மேன், கீழ்ப்பக்கம் பூட்டுக்காரர். இறங்கும்போது கீழே நிற்பவன் மேல்தான் முக்கால் பாரமும் விழும். அதனால் அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் முதலில் ஆசையாக ஒரு கை கொடுத்தார், பிறகு அவருக்கு அந்த நேரம் பார்த்து அவசர வேலை வர ஆரம்பித்தது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, முதுகு எல்லோருக்கும் ஒன்றுதானே.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் கை கூப்பி, "வழி விடுங்க, ராஜா வர்றார்" என்பார். நாலாவது மாடி வளைவில் மூச்சு வாங்க நிற்கும்போது ஏதாவது சிக்கலான கேள்வி கேட்பார். பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வார். தூக்குகிற கைக்கு எடை தெரியும் அல்லவா? இவருக்கு அதில் பழக்கம் வேறு, பெட்டியில் எத்தனை பேர் என்பதை மோட்டார் இழுக்கிற விதத்திலேயே சொல்லிவிடுகிற ஆள். உடம்பில் தேங்கின நீரை எடுத்துவிடுவதால் மாமா போகும்போது கனமாகவும் வரும்போது லேசாகவும் இருந்தார். "என்ன மாமா, போகும்போது தண்ணி லாரி, வரும்போது காலி லாரியா இருக்கீங்க" என்று ஒரு நாள் சொன்னார். மாமா குலுங்கிச் சிரித்ததில் நாற்காலியே ஆட, வாட்ச்மேன் அலறிவிட்டார்.

பட்டறைக்காரன் இரண்டு வாரம் என்றான். பிறகு இன்னும் இரண்டு வாரம் என்றான். செய்து கொடுத்த கை பொருந்தவில்லை, ஓட்டை தள்ளி விழுந்திருந்தது. திரும்பவும் முதலிலிருந்து. கட்டடச் சங்கச் செயலாளர் ஒருபக்கம் குதித்தார், "வேற மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து உங்க பூட்டை அறுக்கச் சொல்றேன்" என்றார். தொழிலில் எவன் வருவான்? இன்னொருத்தன் பூட்டை அறுத்தவன் என்று தெரிந்தால் அவனோடு யாரும் குழியில் இறங்க மாட்டார்கள். அக்கா தம்பியிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். டீ வரும், டம்ளரை வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பூட்டுக்காரரின் இடது தோள் வீங்கிப்போய்ச் சட்டை மாட்ட முடியவில்லை. வீட்டில் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்பாள். அவருக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வார்?

ஒரு மதியம் மாமாவை மேலே கொண்டுவந்து கட்டிலில் விட்டபோது, அவர் ஒரு நல்ல செய்தி சொன்னார். டாக்டர் பார்த்தாராம், உடம்பு நன்றாக ஒத்துழைக்கிறதாம், இனிமேல் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதுமாம்.

அக்கா சமையலறை வாசலில் நின்றபடி, "டாக்டரே சொன்னாரா?" என்றாள்.

"பின்ன, வாட்ச்மேனா சொல்வார்?"

வாட்ச்மேன் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், பல நாளைக்குப் பிறகு. பூட்டுக்காரர் சுவரில் சாய்ந்து தோளைத் தடவிக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு "அப்பாடா" வந்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு நிம்மதி. ஆஸ்பத்திரி வாசலில் மாமாவை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்து கூட்டி வருகிறவர் அவர். முழங்கால் வலியால் அக்கா படி இறங்குவதில்லை. டாக்டர் சொன்னது மாமா காதுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். விரற்கடை இறங்கி நின்ற பெட்டிக்காக மொட்டை மாடி வரை ஏறி, நகத்தால் விரிசல் தேடிய மனுஷன் அந்தப் போனைப் போடவில்லை.

அடுத்த வாரம் நாற்காலியைத் தூக்கினார். தூக்கினதுமே தெரிந்தது. முதல் படியிலேயே கை சொல்லிவிட்டது, இது வழக்கமான கனம் இல்லை. மாமாவின் பாதம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. மாமா அன்றைக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பேச மூச்சு போதவில்லை. பூட்டுக்காரர், 'வயசாயிடுச்சு நமக்கு, தோள் வேற இப்படி இருக்கு, அதான் கனமாத் தெரியுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டதை நம்பவில்லை. நம்பாமலே இறங்கினார். நாலாவது மாடி வளைவில் மாமா அவரைப் பார்த்தார், அவர் படியைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை, "நிஜமாத்தானா மாமா?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்டால் மாமா உண்மையைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம், "இந்த வாரம் வேண்டாம்னுட்டாங்க" என்றார் மாமா. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அவர் போய்விட்டார். பூட்டுக்காரர் வேறொரு கட்டடத்தின் குழிக்குள் இருந்தார், போன் மணி அவருக்குக் கேட்கவில்லை. பிறகு ஓடி வந்து ஒன்பது மாடியும் மூச்சுவிடாமல் ஏறினார். என்ன பிரயோசனம்? அன்றைக்கு மாமாவைக் கீழே இறக்கக் கை கொடுக்க எதிர்வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் வந்தார்கள்.

காரியங்கள் முடிந்ததும் டயாலிசிஸ் பிரிவுக்குச் சொல்லப் போனார். அங்கே இருந்த நர்ஸ், "அவர் வீட்டுப் பக்கத்துலயே வேற இடம் பாத்துக்கிட்டதா போன் பண்ணிச் சொன்னாரே. அதுக்கப்புறம் இங்கே ஒரு நாள் மட்டும் வந்தார், மூச்சு முட்டுதுன்னு" என்றாள். குறைக்கச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்த மனிதர், மச்சானுடைய தோளுக்காகவும் வாட்ச்மேனுடைய முதுகுக்காகவும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல பொய்யா கெட்ட பொய்யா என்று அவரையே கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசியிருப்பார்.

பட்டறையிலிருந்து புதிய கை அப்புறம்தான் வந்தது. மாட்டினார், பூட்டைக் கழற்றினார், ஓட்டிப் பார்த்தார். ஜனங்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறி இறங்கினார்கள். பழைய கையை எடுத்துப்போய்ச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தார். உடைந்தது. ஆனால் அந்த அடிக்கு நல்ல கையே உடைந்திருக்கும். அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று இனி எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

நர்ஸ் சொன்னதை அக்காவிடம் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டாள். சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"நீ பூட்டினது தப்பில்லடா" என்றாள். "அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

இதைக் கேட்கத்தான் அவர் இத்தனை நாள் ஏங்கினார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"அவர் பொய் சொல்றார்னு தெரியும். தினம் காலுக்கு எண்ணெய் தேச்சு விடறவ நான்தானே? விரலை அழுத்தினா பள்ளம் அப்படியே நிக்கும். தெரியாமலா இருக்கும்? கேட்டா மறுபடியும் உன்னை வாரத்துல மூணு நாள் அந்த நாற்காலியோட பார்க்கணும். உன் தோளைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். இல்ல, அதுகூட இல்லடா. எனக்கே அலுத்துப் போச்சு. அந்த வாந்தி, அந்தப் படி, அந்தக் காத்திருப்பு. அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துது. கட்டின புருஷன் சாகறதைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருந்தேன்."

அழவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு ஏதாவது தோணுச்சாடா? தூக்கும்போது? நீ எடை தெரிஞ்சவனாச்சே. உனக்கும் தோணியிருந்தா சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருமாச் சேர்ந்து பண்ணினதுன்னா எப்படியோ தாங்கிக்குவேன். தனியா முடியலடா."

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிடத்தான் திறந்தார். ஆனால் சொன்னால் இப்போதுதான் கிடைத்த மன்னிப்பு என்ன ஆகும்? அக்கா தன்னைப் பார்க்கிற இந்தப் பார்வை என்ன ஆகும்? இதை அவர் அப்படி நினைக்கவில்லை. பாவம், அவளைப் போட்டு இன்னும் குழப்புவானேன், செத்தவர் செத்துவிட்டார் என்று நினைத்தார். அவளுக்கு நல்லது என்றுதான் நினைத்தார்.

"இல்லக்கா. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

"அப்படியா" என்றாள். "அப்போ நான் ஒருத்திதான்." டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்னமும் பூட்டுக்காரர் வேலைக்குப் போகிறார், இன்னமும் பூட்டுகிறார், ஜனங்கள் இன்னமும் திட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவதும் நிற்கவில்லை. அக்கா இப்போது அவரிடம் நன்றாகப் பேசுகிறாள். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, வெளியே வருவதில்லை. யாராவது பார்க்க வந்தால் அவர்களை உட்கார வைத்து, தானே மாமாவைக் கொன்றதாக நிதானமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். வந்தவர்கள் சங்கடத்தில் நெளிவார்கள். "தம்பி பக்கத்துல இருந்தானே, அவனுக்குக்கூடவா தெரியல?" என்று பேச்சுக்கு யாராவது கேட்பார்கள்.

"ஐயோ, அவனைச் சொல்லாதீங்க" என்பாள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தம்பியின் வீங்கின தோளைத் தடவிக் கொடுப்பாள். "அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சிருந்தா என் தம்பி விட்டிருப்பானா?"